ஐம்பத்தேழாம் பக்கத்தில் என் படம்

1

எங்கள் ஊர்க் கழகத்துக்கு நூறு வயதாகிவிட்டது. எங்கள் ஊர் என்று நான் எழுதுவது அயர்லாந்தின் நடுவில் கிடக்கும் ஒரு சின்னப் பட்டினத்தை. பதினேழு வருடம் இருந்தபிறகு வாயில் அப்படித்தான் வருகிறது. மட்டக்களப்பில் இருப்பவர்கள் கோபிக்க வேண்டாம்.

நூற்றாண்டுக்காகக் கழகத்தின் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டார்கள். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், முந்நூறு பக்கம். வெளியீட்டு விழாவுக்குப் பட்டினம் முழுவதும் வந்திருந்தது. வெளியே வழக்கமான மழை. உள்ளே தேநீர், முக்கோணமாக வெட்டிய சான்ட்விச், நான் பொரித்துக் கொண்டுபோன நூறு மீன் ரோல்ஸ். ரோல்ஸ் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

தலைவர் மேடையில் நின்று புத்தகத்தைப் புரட்டி, ஐம்பத்தேழாம் பக்கத்தில் நிறுத்தினார். அங்கே அரைப் பக்கத்துக்கு என் படம். கழகத்தின் பச்சை மஞ்சள் கழுத்துச் சால்வையைச் சுற்றிக்கொண்டு சிரிக்கிறேன். கீழே என் மகள் மதுரா எழுதிய கட்டுரை. இலங்கையில் ஒரு வாவிக்கரையில் விளையாடிக்கொண்டிருந்த பதினாலு வயதுச் சிறுமியை ஆயுதக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனதும், மூன்று மாதத்தில் அவள் தப்பி ஓடிவந்ததும், பிறகு கடல் கடந்து இந்த ஊருக்கு வந்து, தன் மகளை இந்தக் கழகத்தில் சேர்த்ததும் அதில் இருந்தன. தலைவர் அதை உரக்க வாசித்தார். வாசித்து முடித்ததும் மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. என் பக்கத்தில் இருந்த ஒரு தடித்த மனிதர், பன்றிப் பண்ணைக்காரர், கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

நானும் எழுந்து நின்று கும்பிட்டேன். அந்தச் சிறுமிக்கு நடந்ததாக அந்தப் பக்கத்தில் இருக்கிற ஒன்றும் எனக்கு நடந்ததில்லை.

2

இங்கே பெண்பிள்ளைகள் ஆடுகிற ஆட்டத்துக்குக் கமோகி என்று பெயர். ஆண்கள் ஆடினால் அதுவே ஹேர்லிங். கையில் நுனி அகன்ற ஒரு மரமட்டை, ஒரு சின்னக் கடினமான பந்து, தலையில் கம்பி போட்ட தொப்பி, மற்றப்படி அடிதடி. ஆரோ ஒரு பிள்ளையின் விரல் முறியாமல் பருவம் முடிவதில்லை. தாய்மார் கரையில் நின்று, வாயில் வைக்கக் கூசுகிற வார்த்தைகளால் நடுவரைத் திட்டுவார்கள். ஞாயிறு காலையில் அதே வாயால் தேவாலயப் பூசையில் பாட்டும் படிப்பார்கள்.

ஒருவர் பிறந்த ஊர்க் கழகத்துக்குத்தான் ஆடவேண்டும். பக்கத்து ஊருக்கு மாறினால் துரோகி. இதை எனக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. எங்கள் ஊரில் ஒன்றாம் குறிச்சியான் மூன்றாம் குறிச்சிக்குப் பந்து பொறுக்கிக் கொடுத்தாலே கலியாணப் பேச்சு குழம்பிப் போகும்.

மதுரா எட்டு வயதிலிருந்து ஆடுகிறாள். கழகத்தில் அவள் பெயர் மேடி. வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். கோபம் வந்தால் பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஐரிஷ் மொழியில் ஏதோ முணுமுணுப்பாள், அது எனக்கும் தகப்பனுக்கும் விளங்காது என்பதால். கறி மணக்கிறது என்று கழக உடுப்பை வீட்டுக்குள் காயப்போட விடமாட்டாள்.

புத்தகத்துக்கு மிகப் பெரிய கதைசொல்லி நோரீன். முப்பது வருடம் கழகத்துக்குச் செயலாளராக இருந்தவர். இப்போது நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், பன்னிரண்டாம் அறையில் இருக்கிறார். காலையில் அவரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, நாற்காலியில் இருத்துவது என் வேலை. நேற்றுச் சாப்பிட்டதை மறந்துவிடுவார். அந்தக் காலத்து இறுதி ஆட்டங்களில் யார் எத்தனை புள்ளி அடித்தார் என்பது மட்டும் தவறாது.

புத்தகத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தது அவருடைய கதைக்குத்தான். ஒருமுறை பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களின் இறுதி ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைந்ததாம். நோரீன் பக்கத்து வீட்டிலிருந்து இருபத்து மூன்று வயதுக் கலியாணம் முடித்த பெண்ணை இழுத்துவந்து, அம்மை போட்டுப் படுத்துக்கிடந்த ஒரு சிறுமியின் பெயரில் இறக்கிவிட்டார். ஆட்டம் முடிந்து கிண்ணம் வாங்கும்போது அந்தப் பெண்ணின் கைக்குழந்தை கரையில் இருந்து "மம்மி" என்று கத்தியதாம்.

நோரீன் இதைச் சொல்லும்போதெல்லாம் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அவருக்குக் காலுறை போட்டுக்கொண்டே சிரிப்பேன். பிறகு அழுக்குத் துணிகளை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போவேன்.

3

நானும் ஒரு கழகத்துக்குச் செயலாளராக இருந்தவள்தான்.

களுவாஞ்சிக்குடிக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம் எங்கள் ஊர். வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் வயல் வட்டைகள் கிடக்கும் படுவான்கரை. ஊரில் எவரும் வாவி என்று சொல்லமாட்டார்கள். ஆறு என்றுதான் சொல்லுவார்கள். ஆற்றங்கரையில் வாசிகசாலையும் அதை ஒட்டி ஒரு வெட்டையும் இருந்தன. அந்த வெட்டையில் ஆண்கள் பந்தடித்து முடித்த பிறகு, எங்களுக்கு ஒரு மணித்தியாலம் கொடுப்பார்கள். நாங்கள் எல்லே ஆடுவோம்.

எல்லே தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு, நட்டிருக்கும் கம்புகளைச் சுற்றி ஓடிவர வேண்டும். ஓடுகிறவளின் உடம்பில் எதிரணி பந்தால் எறிந்து பட்டால் அவள் போச்சு. முதுகு கன்றிப் போகும். வீட்டில் கேட்டால் மாமரத்தில் மோதினேன் என்று சொல்லுவோம்.

எனக்கு அப்போது இருபது வயது. உயர்தரம் படித்தவள், எழுத்து அழகு என்பதால் செயலாளர் ஆனேன். ஆட்டத்தில் நான் சுமார். எங்கள் அணியின் உயிர் சசிகலா. பூரணம் மாமியின் இளைய மகள். மெலிந்த பிள்ளை, கை மட்டும் நீளம். அவள் அடித்தால் பந்து ஆற்றுக்குள் விழும். நாங்கள் சட்டையோடு இறங்கி நீந்தி எடுக்கவேண்டும். "அடிச்ச நீயே போய் எடுடி" என்றால், "எடுக்கிறதுக்குத்தானே மச்சாள் நீங்க எல்லாரும் இரிக்கிறீங்க" என்பாள். அவ்வளவு திமிர். எனக்கு அவளைப் பிடிக்கும். கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

அந்த வருடம் பிரதேச மட்டத்தில் பெண்களுக்குப் போட்டி வைத்தார்கள். பதினெட்டு வயது முடிந்தவர்கள் மட்டும், பாடசாலைப் பிள்ளைகளைச் சேர்க்கக்கூடாது என்று விதி. சசிக்குப் பதினாலு. அவளை விட்டால் எங்களுக்கு முதல் சுற்றே இல்லை.

அவளுக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கிடையாது. பிரச்சினையில் இடம்பெயர்ந்து கோயில் மடத்தில் கிடந்த காலத்தில் பிறந்தவள், எவரும் பதியவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படி நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுடைய வயது பெரியவர்கள் வாயில் சொல்வதுதான். பிறகு தேவை வந்தால் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுப்பார்கள். ஆக, படிவத்தில் நான் என்ன எழுதினேனோ அதுதான் அவளுடைய வயது.

வாசிகசாலை மேசையில் இருந்து பதினெட்டு என்று எழுதினேன். பிறந்த திகதியும் ஒன்று போட்டேன். என் பிறந்த நாளையே கொஞ்சம் மாற்றிப் போட்டேன், ஞாபகம் இருக்கட்டும் என்று. கழகப் பதிவேட்டிலும் அதையே எழுதி, கீழே கையெழுத்து வைத்து, முத்திரை குத்தினேன். சசி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மறுகா எனக்கு வாக்குப் போடவும் ஏலுமா மச்சாள்?" என்று கேட்டாள். இருவரும் சிரித்தோம்.

வென்றோம். இறுதி ஆட்டத்தில் அவள் அடித்த பந்து எல்லையில் நின்ற தென்னைக்கு மேலால் போனது. கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு லொறியில் ஊர் திரும்பினாள்.

4

அடுத்த மூன்றாம் மாதம் துவக்குக்காரர்கள் வாசிகசாலைக்கு வந்தார்கள். எந்த இயக்கம் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் அதோடு படிப்பதை நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளை, பதினெட்டுக்கு மேல், என்று அறிவித்தார்கள். ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று தேட அவர்களுக்கு நேரம் எடுக்கவில்லை. அலுமாரியில் எங்கள் பதிவேடு இருந்தது. பெயர், வயது, வீட்டு விபரம், எல்லாம் என் அழகான எழுத்தில்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் குமர்ப்பிள்ளைகளைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தது. கழுத்தில் தாலி ஏறிவிட்டால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். நாள், பொருத்தம், சீதனம் எதுவும் பார்க்காமல் ஊரில் ஒரே கிழமையில் ஏழெட்டுக் கலியாணம் நடந்தது. கொழும்பில் ஏஜென்சிக்குக் காசு கட்டிவிட்டு வெளிநாடு போகக் காத்திருந்த சொந்தக்காரர் ஒருவரை அம்மா நாலு நாளில் கொண்டுவந்து இருத்தினார். அவரைத்தான் நான் இன்றைக்கும் சகித்துக்கொண்டிருக்கிறேன். அவர் கேட்டாலும் இதையேதான் சொல்லுவார்.

சசிக்குக் கலியாணம் செய்துவைக்க முடியாது. அவளுக்குப் பதினாலு வயது. அதோடு, பதினாலு வயதுப் பிள்ளையைத் தேடி வரமாட்டார்கள் என்று மாமி நம்பிக்கொண்டிருந்தார்.

என் கலியாணத்தன்று விடியற்காலை, உழவு இயந்திரத்தில் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனார்கள். மாமி உழவு இயந்திரப் பெட்டிக்குப் பின்னால் ஓடியிருக்கிறார். அவர்களுடைய முகாம் வாசல்வரை போயிருக்கிறார். அங்கே பதிவேட்டை விரித்துக் காட்டினார்களாம். "செயலாளர் கையெழுத்துப் போட்டிருக்கு. உங்கட பேச்சக் கேக்கிறதா, எழுத்தப் பாக்கிறதா?" என்றார்களாம்.

மாமி அங்கிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்போது தாலி கட்டி ஒரு மணித்தியாலம் இருக்கும். கூறைச் சேலையோடு பாயில் இருந்தேன். மாமியின் காலில் செருப்பில்லை. சேலை முழங்கால்வரை சேறு. அறைக்குள் வந்து என் முன்னால் குந்தி, என் கையைப் பிடித்தார்.

"புள்ள, எழும்பி வாகா. ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வந்திரு. வயசு பொய், நான்தான் எழுதின எண்டு சொல்லு. உன்ன ஒண்டும் செய்யமாட்டானுகள். உனக்குத்தான் தாலி ஏறிட்டே."

பதிவேட்டில் முதல் பெயர் என்னுடையது. ஒரு மணித்தியாலத்துக்கு முன் கட்டின தாலி. போய் நின்றால், இந்தக் கலியாணம் எதற்காக நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாதா? அதுதான் என் மனதில் ஓடியது. சசியின் முகம் ஓடவில்லை. இதை இத்தனை வருடத்தில் முதல்தடவையாக எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருந்தது, நான் எழும்பவில்லை.

அம்மா வந்து மாமியின் தோளைப் பிடித்துத் தூக்கினார். "மச்சாள், நல்ல காரியம் நடக்கிற வீடு. கண்ணத் துடைச்சிப்போட்டு எழும்புங்க."

மாமி வாசலைத் தாண்டும்போது நான் வாய் திறந்தேன். அன்று அவருக்காக நான் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். "மாமிக்குச் சோறு கட்டிக் குடுங்க."

சசி திரும்பி வரவில்லை. உடலும் வரவில்லை.

5

என் கணவர் முதலில் அயர்லாந்து வந்தார். நான் நாலு வருடம் கழித்து, என் சொந்தச் சாகசத்தில், மூன்று நாடுகளில் பிடிபட்டு வந்து சேர்ந்தேன். அகதி விசாரணைக்கு என் வாயால் ஒரு கதை வேண்டும் என்றார்கள். நடந்ததை அவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"கலியாணம் கட்டித் தப்பின எண்டு சொல்லப்போறியா? அதுக்கு விசா தருவானா? பூமாலை வேணுமெண்டாத் தருவான்," என்றார்.

எனக்கு வேறு கதை தேட வேண்டியிருக்கவில்லை. கைவசம் ஒன்று இருந்தது.

விசாரணை அறையில் கண்ணாடி போட்ட ஓர் ஐரிஷ் பெண். மொழிபெயர்க்கத் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர். எல்லே என்றதும் அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் கையால் அடித்துக் காட்டினேன். "பேஸ்போல்" என்று சொல்லி முடித்துவிட்டார். அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து அரசாங்கக் கோப்பில் நான் பேஸ்போல் ஆட்டக்காரி. ஐம்பத்தேழாம் பக்கத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

ஆறு வருடத்தைப் பின்னுக்குத் தள்ளி, எனக்குப் பதினாலு வயது என்று தொடங்கினேன். உழவு இயந்திரம், பின்னால் ஓடின தாய், முகாம். அதுவரை சசி. அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது, ஆகையால் நானே செய்தேன். படுவான்கரையில் முகாம். மூன்றாம் மாதம் தண்ணீர் அள்ளப் போன இடத்தில் சம்புப் புல்லுக்குள் படுத்துக்கிடந்தேன். மீன்பிடிக்க வந்த ஒருவர் தோணியில் வலைக்குக் கீழே என்னை மறைத்து எழுவான்கரைக்குக் கொண்டுவந்தார். பிறகு வீடு.

"உங்கள் அம்மா என்ன செய்தார்?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"சோறு போட்டார்," என்றேன். அழுகை வந்தது. அது நடிப்பில்லை. அந்தப் பெண் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். எட்டு மாதத்தில் அகதி அந்தஸ்து வந்தது. பிறகு குடியுரிமை, கடவுச்சீட்டு, எல்லாம் ஒழுங்காக வந்தன.

போன வருடம் மதுரா பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக் கடவுச்சீட்டுத் தேடி, அலுமாரியில் அந்தக் கோப்பைக் கண்டெடுத்தாள். முழுவதையும் வாசித்திருக்கிறாள். நான் வேலையால் வரும்போது கட்டிலில் இருந்து அழுதுகொண்டிருந்தாள். "ஏனம்மா எனக்குச் சொல்லேல்ல?" என்றாள். தமிழில் கேட்டாள். பல வருடத்துக்குப் பிறகு தானாக எடுத்துத் தமிழில் கேட்டாள்.

அந்த நேரம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தாள், நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னை எதிர்த்துக் கதைப்பது குறைந்தது. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினாள். கூட்டாளிகளிடம் என்னைக் காட்டி ஏதோ கிசுகிசுத்தாள், அவர்களும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். எனக்கு அது இனித்தது.

அதைத்தான் அவள் கழகப் புத்தகத்துக்குக் கொடுத்தாள். எனக்குச் சொல்லாமல், எனக்கு ஒரு பரிசாக.

6

புத்தகம் வெளிவந்த அதே வாரம் ஊரிலிருந்து ரஞ்சி தொலைபேசி எடுத்தாள். சசியின் அக்கா. அவளும் எங்கள் அணியில் ஆடினவள்தான், அப்போதே கலியாணம் முடித்திருந்தவள். எப்போதாவது பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புவாள், கதைப்பது அபூர்வம்.

காணாமல் போனவர்களை விசாரிக்க ஓர் அதிகாரி வந்திருக்கிறார். மாமி எத்தனையாவது தடவையாகவோ வரிசையில் நின்றிருக்கிறார். பிள்ளையின் பெயர் உள்ள ஏதாவது காகிதம் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டில் இருந்தவை, பாடசாலை அறிக்கை உட்பட, சுனாமியோடு போய்விட்டன. தேடிப்பார்த்ததில், பிரதேச அலுவலகக் கோப்பில் எங்கள் கழகம் கொடுத்த போட்டிப் படிவம் மட்டும் பத்திரமாக இருந்திருக்கிறது.

"பதினெட்டு முடிஞ்ச புள்ள, தன்ட விருப்பத்தில போயிரிக்கு, இதுக்கு நாங்க என்ன செய்யிற எண்டு அந்த ஆள் கேட்டான் மச்சாள். அம்மா அந்த இடத்திலயே நிலத்தில குந்திட்டா. எங்கட தங்கச்சி விரும்பிப் போனவளாம். அப்பிடித்தான் கோப்பில எழுதப்போறானுகளாம்."

நான் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நீங்கதானே செயலாளர். ஒரு கடிதம் தாங்க. வயசு பிழையா எழுதினது நான், அவளுக்குப் பதினாலுதான் எண்டு. உங்கட பேரும் கையெழுத்தும் இரிந்தாக் காணும். வேற ஒண்டும் வேணா. அம்மாக்கு எழுபத்தாறு மச்சாள்."

அனுப்புகிறேன் என்றேன். கணவரிடம் சொன்னேன்.

"உனக்கென்ன விசரா?" என்றார். "உன்ர பேரில இஞ்ச ஒரு கதை கிடக்கு. அதே பேரில அங்க ஒரு கடிதமா? நாளைக்கு ஆராவது ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பாத்தா? பாஸ்போட்டப் பறிச்சா எங்க போற?"

அவர் பெரிதாக்குகிறார் என்று எனக்குத் தெரியும். ஒரு கிழவியின் கோப்பைத் தேடி எந்த ஐரிஷ் அதிகாரியும் களுவாஞ்சிக்குடிக்குப் போகப் போவதில்லை. என் பயம் கடவுச்சீட்டைப் பற்றியது அல்ல. மதுராவைப் பற்றியது.

அடுத்த நாள் காலை நோரீனுக்கு உடுப்பு மாட்டும்போது யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. "நானும் ஒரு பிள்ளையின் வயதை மாற்றி எழுதி ஆடவிட்டேன், நோரீன்," என்றேன்.

அவருடைய முகம் மலர்ந்தது. என் கையைத் தட்டி, "வென்றீர்களா?" என்று கேட்டார்.

"வென்றோம்."

"பிறகென்ன!" என்று சிரித்தார். சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு, அவரைச் சாப்பாட்டு மண்டபத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

கடிதத்தை மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் கையெழுத்து வைக்கிற இடத்தில் நிறுத்தினேன்.

7

இதற்கிடையில் மதுரா ஐம்பத்தேழாம் பக்கத்தைப் படமெடுத்து முகநூலில் போட்டுவிட்டாள். எனக்குத் தெரிவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிட்டது. ரஞ்சியின் மகள் ஆங்கில ஆசிரியை. அவள் அதைத் தமிழில் வாசித்து எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள்.

ரஞ்சியிடமிருந்து ஒரு வரி வந்தது. "அம்மா உங்களோட கதைக்க வேணுமாம்."

ஏச்சு வாங்கத் தயாராகி, குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழைத்தேன். மாமியின் குரல் தேய்ந்துபோயிருந்தது. சுகம் விசாரித்தார். பிள்ளை எத்தனை, வேலை என்ன, குளிரா என்று கேட்டார்.

"புள்ள, உன்ட புத்தகத்தில அந்தப் பிள்ள தப்பி வருதாமே."

"மாமி..."

"வாசிச்சுக் காட்டினாளுகள். எனக்குச் சரியா விளங்கல்ல. நீ சொல்லுகா. எப்பிடித் தப்பினவள்?"

மன்னிச்சிருங்க மாமி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை. "அத மறுகா சொல்லு. இத முதல் சொல்லு," என்றார்.

சொன்னேன். தண்ணீர் அள்ளப் போனது, சம்புப் புல், தோணி, வலை. விசாரணை அறையில் எப்படிச் சொன்னேனோ அப்படியே, தடக்குப்படாமல் சொன்னேன். இடையிடையே ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"தோணிக்காரன் நல்ல மனிசன்," என்றார். "வீட்ட வந்தாப்போல தாய் என்ன செய்தா?"

"சோறு போட்டா மாமி."

"என்ன கறி?"

அந்த ஐரிஷ் அதிகாரி அதைக் கேட்கவில்லை, நான் செய்துவைக்கவும் இல்லை. குளியல் தொட்டியின் விளிம்பில் இருந்துகொண்டு வெறுங்கதவைப் பார்த்தேன்.

"றால் சொதி எண்டு வை," என்றார் மாமி. "அவளுக்கு றால் எண்டா உசிர்."

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அழுகிறாரா என்று தெரியவில்லை. குரல் மாறவில்லை.

"என்னில உனக்கு ஒரு பயமும் இரிக்கத் தேவல்ல புள்ள. எனக்கு இனிக் கோபிக்கிறதுக்குச் சத்தில்ல. அந்தப் புத்தகத்தில வயசு சரியாத்தான் போட்டிரிக்கு. பதினாலு. பேர மட்டும் மாத்தித் தாகா."

தருகிறேன் என்றேன். மாமி என் மகளுக்கு ஆசீர்வாதம் சொல்லிவிட்டு வைத்தார்.

இது நடந்து இரண்டு மாதம். ரஞ்சி இரண்டு தடவை அழைத்தாள், நான் எடுக்கவில்லை. கழகத்தில் புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்குத் திருத்தங்கள் உண்டா என்று கேட்டு எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார்கள். என் பக்கத்தில் ஒன்றும் இல்லை என்று பதில் போட்டேன். மதுரா இந்த வருடம் அணித்தலைவி. போன ஞாயிறு ஆட்டம் தொடங்குமுன், மற்றப் பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்து என் கதையைச் சொல்லி உற்சாகப்படுத்தினாளாம். வென்றார்கள்.

இதையாவது ஊருக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது, எழுதினேன். ஆனால் இதன் மேல் போடும்படி பத்திரிகை ஆசிரியரிடம் கொடுத்திருக்கும் பெயர் என்னுடையதல்ல. சசிகலா என்பதும் அவளுடைய பெயரல்ல.